வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: உதவும் முன் கேளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் துணிக்கடைக்கு வரும் மாற்றுத்திறனாளிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். ஆனால் கடைக்குள் ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி, பக்கத்தில் நிற்கும் மற்ற வாடிக்கையாளர்களின் கையில் இருக்கிறது. உங்களில் பலர் நல்ல மனத்தோடு உதவ ஓடி வருகிறீர்கள். அந்த மனத்தை மதித்தே இதை எழுதுகிறோம். உதவும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள்.

பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலுடன் படியருகே வருகிறார். விழுந்துவிடுவாரோ என்று பதறி, யாராவது கோல் இருக்கும் கையையே பிடித்து இழுத்துவிடுகிறார்கள். அவர் அடுத்து எங்கே கால் வைக்கலாம் என்பதை இடமும் வலமும் தட்டித் தட்டி அறிவிப்பது அந்தக் கோல்தான். அந்தக் கையைப் பிடித்தால் வழியும் மறைகிறது, நிதானமும் தவறுகிறது. "உதவட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால், "என் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் அரையடி பின்னால் வருவார்; நீங்கள் படி ஏறுவதையும் இறங்குவதையும் உங்கள் கையின் அசைவிலிருந்தே தெரிந்துகொள்வார். வழி சொல்லும்போது "அதோ அங்கே" என்பது பயன்படாது. "உங்கள் வலப்பக்கம் நாலு எட்டு வைத்தால் பில் போடும் இடம்" என்பது பயன்படும். கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் போனது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே நிற்கக் கூடாது. வழிகாட்டி நாய் உடன் இருந்தால் அதைத் தடவவோ கூப்பிடவோ வேண்டாம். அது வேலையில் இருக்கிறது.

சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளுவது, நடந்து போகிறவரைத் தோளைப் பிடித்து நகர்த்துவதற்குச் சமம். அதன் கைப்பிடியில் உங்கள் பைகளை மாட்டவும் வேண்டாம். பின்பக்கம் எடை கூடினால் நாற்காலி மல்லாந்துவிடும். எங்கள் வாசலில் உள்ள சாய்தளம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் கையால் உருட்டி ஏறுவது பெரும்பாடு. அதன் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் நின்றாலும் வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான். "ஒரு நிமிடம்தானே" என்றுகூடத் தயவுசெய்து அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.

எங்களுக்கு மிகவும் மனவேதனை தருவது வேறொன்று. சட்டை வாங்க வந்தவர் எதிரே இருக்க, துணைக்கு வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்பது. அவரிடமே கேளுங்கள். அவர் வாங்கினால் மீதிச் சில்லறையும் அவர் கைக்கே போக வேண்டும். 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் கொள்கைகளில் முதலாவதாக மனித கண்ணியத்தையும் சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரத்தையும் வைத்திருக்கிறது. அந்தச் சுதந்திரத்தில் ஒரு சட்டையின் நிறமும் அடங்கும் என்றே நாங்கள் நம்புகிறோம். சைகை மொழிபெயர்ப்பாளர் உடன் வந்தாலும் இதே முறைதான்: பார்வையும் பேச்சும் காது கேளாத வாடிக்கையாளரை நோக்கியே இருக்கட்டும்.

காது கேளாதவரிடம் கத்திப் பேசினால் வாயின் வடிவம் மாறிவிடும். செவிக் கருவி அணிந்தவருக்கு அது வெறும் இரைச்சலாகப் போய்ச் சேரும். முகத்தில் வெளிச்சம் விழும்படி நேரே நின்று இயல்பாகப் பேசுங்கள். உதட்டசைவில் எல்லாமே புரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடி முன் நின்று 'படி', 'மடி' என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். சந்தேகம் வந்தால் எழுதிக் காட்டுங்கள். பில் போடும் இடத்தில் தாளும் பேனாவும் எப்போதும் இருக்கும்.

பேசத் திணறுபவர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும்போது, அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். அவர் சொல்லி முடிக்கும்வரை அவசரப்படுத்தக் கூடாது என்று எங்கள் ஊழியர்களுக்கும் சொல்லியிருக்கிறோம். அந்தச் சில நிமிடங்களை உங்களிடமும் உரிமையோடு கேட்கிறோம்.

உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பலருடையது பார்த்ததும் தெரிவதில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம். கடையின் சத்தமும் வெளிச்சமும் அதற்குத் தாங்க முடியாதவையாக இருக்கலாம். அந்தத் தாயை முறைத்துப் பார்க்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். எங்களிடம் சொன்னால் பாட்டை நிறுத்திவிடுவோம். முன்னுரிமை வரிசையில் நிற்பவரிடம் "உங்களுக்கு என்ன குறை?" என்றும் கேட்காதீர்கள். பிறவியிலிருந்தா, விபத்தா, சிகிச்சை இல்லையா என்பதெல்லாம் துணி வாங்க வந்த இடத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அல்ல. உங்கள் குழந்தை கேட்டால் மட்டும் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். "அந்த அக்கா அந்த நாற்காலியில்தான் போய் வருவார்" என்று சொன்னால் குழந்தைக்கு அது போதும்.

தரைத்தளத்தில் உள்ள அகலமான உடைமாற்றும் அறை, சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அளவுக்குக் கட்டப்பட்டது. நெரிசலான நாள்களில் மற்ற அறைகள் நிறைந்திருந்தாலும் அதைக் காலியாக வைத்திருப்போம். அதற்காக எங்கள் ஊழியர்களிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாற்றுத்திறனாளிகளான வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கடையில் எது இடைஞ்சலாக இருந்தாலும் மேலாளரிடம் நேரிலோ எழுத்திலோ தெரிவிக்கலாம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்