ஆலாக்கள் எழும்பினால் படகைத் திருப்புங்கள்

தலைமன்னார்ப் படகுக்கார அண்ணாமாருக்கும், மணல் திட்டு பார்க்க அவர்களோடு கடலேறும் எல்லாருக்கும் வணக்கம்.

மே முதல் செப்டம்பர் வரை ஆதாம் பாலத்துத் திட்டுகளில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த மாதங்களில் பறவை இருக்கும் திட்டில் தயவுசெய்து இறங்காதீர்கள். 2015 முதல் ஆதாம் பாலம் தேசியப் பூங்கா என்பது உங்களுக்கே தெரியும். சட்டம் பேச நான் வரவில்லை. "ஆள் போனால் பறவை எழும்பும், அப்புறம் வந்து உட்காரும்தானே" என்கிறார்கள் பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பெரிய கொண்டை ஆலாக் கூட்டத்தைத் தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். மணலில் ஒரு சின்னக் குழி, அதில் பெரும்பாலும் ஒரே முட்டை. நெருக்கியடித்து அடைகாத்தாலும் ஒன்றின் அலகு அடுத்ததை எட்டாத அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். அதுதான் அவற்றின் வேலி. பக்கத்துப் பறவை கொஞ்சம் நகர்ந்தாலே கொண்டையைச் சிலிர்த்து, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து மிரட்டும். கடலிலிருந்து திரும்பி வரும் பறவை தன் குழிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பக்கமும் கொத்து வாங்கும்.

சிறு ஆலா வேறு மாதிரி. குழிகள் தள்ளித் தள்ளி இருக்கும், முட்டை மணலின் நிறத்திலேயே இருக்கும், காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. எல்லைக்குள் ஆள் வந்தால் கத்திக்கொண்டே தலைக்கு நேரே பாயும், எச்சமிடும். சிலர் அதைச் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அந்த நேரம் முழுக்க முட்டை வெயிலில் கிடக்கிறது. உச்சி வெயிலில் தாயும் தகப்பனும் மாறி மாறி மறைத்து நின்று, வயிற்று இறகைக் கடலில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அது நின்றுபோனால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருக்கும் கரு வெந்துவிடும்.

குஞ்சு இருந்தால் இன்னும் மோசம். பயந்து ஓடும் குஞ்சு அடுத்த பறவையின் எல்லைக்குள் புகுந்தால் கொத்துத்தான். சிலது அதிலேயே செத்துப்போகும். கடற்பறவைகளுக்கு அண்டை வீடு எவ்வளவு ஆபத்தானது என்பதை நிக்கோ டின்பெர்கன் இங்கிலாந்தில் ரேவன்கிளாஸ் மணல்மேட்டில் பார்த்தார். விலங்குகளின் நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். குஞ்சு பொரித்த காலி முட்டை ஓடு கிடந்தால் காகம் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்; ஆனாலும் அங்கே கூடு கட்டும் கருந்தலைக் கடற்காகம் (இது காகமில்லை, ஒரு கடற்பறவை) அந்த ஓட்டை உடனே அப்புறப்படுத்துவதில்லை. ஈரம் காயாத குஞ்சைத் தனியே விட்டால் பக்கத்துக் கடற்காகமே விழுங்கிவிடும் என்பதால், இறகு உலரும்வரை காத்திருக்கும். தாய்ப்பறவையே இவ்வளவு கணக்குப் பார்த்துத்தான் குஞ்சை விட்டு நகர்கிறது. நாம் ஒரே நொடியில் கூட்டம் முழுவதையும் எழுப்பிவிடுகிறோம்.

உங்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. நூறு மீட்டருக்கு முன்பே இன்ஜினை அணைத்துப் படகில் இருந்தபடியே காட்டுங்கள். பறவைகள் கூட்டமாக எழும்பிக் கத்தினால் அதற்கு மேல் போகாமல் திரும்பிவிடுங்கள். நாய் வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தையும் போட வேண்டாம், காகம் வரும். இன்ஜின் பழுதாகி இறங்கியே ஆக வேண்டும் என்றால் அலை நனைக்கும் ஈர மணலிலேயே நில்லுங்கள். குழிகள் அதற்கு மேலேதான் இருக்கும்.