எட்டுக் கிழங்குகள்

அன்புள்ள தம்பி,

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலைப் படித்துவிட்டு நீ போனில் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "இரட்டைக் குழந்தைகளைப் பானையில் போட்டுக் காட்டில் விட்ட ஜனங்கள்தானே அண்ணா, வெள்ளைக்காரன் வந்தது நல்லதாப் போச்சு" என்றாய்.

அந்தக் குழந்தைகளின் அழுகையை நம் காதில் விழவைத்தவரே அதே இக்போ இனத்தைச் சேர்ந்த அச்செபேதான். அவர் எதையும் மறைக்கவில்லை. தன் வீட்டில் கூடப்பிறந்தவன் போல மூன்று வருடம் வளர்ந்த பிணைச் சிறுவன் இக்கெமெஃபுனாவை வெட்டிக் கொன்றதை, கதாநாயகனின் மகன் நுவோயேவால் மறக்க முடியவில்லை. மதபோதகர் சொன்ன திரித்துவம் அவனுக்குப் புரியவே இல்லை. அந்த மதத்தின் பாட்டுதான் அவனை இழுத்தது.

சரி, வந்த நீதி எப்படிப்பட்டது? பேச வரச்சொல்லி, ஊர்த் தலைவர்கள் ஆறு பேருக்கு விலங்கு மாட்டினார்கள். அபராதம் 200 மூட்டை சோழி (அங்கே அதுதான் காசு). கோர்ட் சேவகர்கள் ஊருக்குள் போய்ச் சொன்னதோ 250. அந்த 50 மூட்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அடுத்து, 1964-இல் வந்த அவருடைய 'கடவுளின் அம்பு' நாவலைப் படி. உலு என்னும் தெய்வத்தின் பூசாரி எசெயூலுவின் வேலை, ஒவ்வொரு பிறைக்கும் ஒரு யாம் கிழங்கைச் சுட்டுச் சாப்பிடுவது (நம் பெருவள்ளிக் கிழங்கின் சாதிதான்). கடைசிக் கிழங்கு தீர்ந்தால்தான் ஊரில் அறுவடை. அரசனே இல்லாத மக்களுக்கு வெள்ளைக்காரன் தன் உத்தரவாலேயே 'வாரண்ட் தலைவர்'களை நியமித்துக்கொண்டிருந்த காலம் அது. 1929-இல் இக்போப் பெண்கள் கிளர்ந்தெழுந்ததற்கு அந்தத் தலைவர்களின் அட்டூழியமும் ஒரு காரணம். அந்தப் பதவியைக் கொடுக்க வந்தபோது எசெயூலு, தன் தெய்வத்தைத் தவிர யாருக்கும் தலைவனாக மாட்டேன் என்கிறார். அடைத்துவைக்கிறார்கள். பிறைகள் தவறிப்போகின்றன, கிழங்குகள் மிஞ்சுகின்றன.

ஊர் திரும்பியவரிடம், மிச்சத்தை ஒரேயடியாகச் சாப்பிட்டுவிடுங்கள், பாவம் எங்களோடு போகட்டும் என்று பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள். அவர் மறுக்கிறார். தெய்வத்தின் கட்டளையா, தன்னைக் கைவிட்ட ஊர்மேல் இருந்த கோபமா? அவருக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விளைந்த கிழங்கு மண்ணிலேயே கெடுகிறது, வீடுகளில் பசி. அப்போது தேவாலயம் சொல்கிறது: காணிக்கையை இங்கே கொண்டுவாருங்கள், உலுவின் கோபத்திலிருந்து எங்கள் கடவுள் காப்பார். பிள்ளைகள் கையில் கிழங்கைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இதில் யார் பக்கம் நிற்பாய்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

புத்தகத்தைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் அந்தக் கிழவர் பிறையைப் பார்த்துவிட்டுக் கிழங்கு எடுக்கப் போவார். எட்டு மிச்சமிருக்கும் என்று தெரியும், இருந்தும் ஒவ்வொன்றாக எண்ணுவார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று படி. அப்புறம் போன் பண்ணு.

அன்புடன்,
அண்ணன்