தண்டம் கட்டுவதா, நீதிமன்றம் போவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை பின்னேரம் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும்போது, நடுவீதியில் படுத்திருந்த மாடுகளை விலத்தப் போய் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். வன்னியில் வாகனம் ஓட்டுகிற எவருக்கும் இது தெரிந்த கதைதான். கொஞ்சம் தள்ளி நின்ற பொலிஸார் மறித்து, லைசன்சை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரம் எழுதித் தந்தார்கள். மாடுகளைப் பற்றிச் சொன்னேன். நீதிமன்றத்தில் சொல்லச் சொன்னார்கள்.

14 நாளுக்குள் தபாலகத்தில் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும், தவறினால் 28 நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதற்கும் பிறகு வழக்கு. வீட்டில் எல்லாரும் கட்டச் சொல்கிறார்கள். குற்றவாளி இல்லை என்று சொன்னால் தவணை தவணையாக அலைய வேண்டும், ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி போகும், சட்டத்தரணிக்கு வேறு கொடுக்க வேண்டும். சரி, கணக்குப் பார்த்தால் கட்டுவதுதான் லாபம்.

ஆனால் என் மேல் எழுதிய குற்றம் என்னவென்றே எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எழுதியது முழுக்கச் சிங்களத்தில், கடைக்காரத் தம்பி ஒருவர்தான் வாசித்துச் சொன்னார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, 1988இல் 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழ்தான் என்றது. வாசிக்க முடியாத ஒரு தாளை ஒப்புக்கொண்டு காசு கட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் கட்டவில்லை, நீதவானிடமே மாடுகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பொலிஸார் தமிழில் எழுதித் தர வேண்டும். மாட்டுக்காரர்களும் இருட்டுகிற நேரத்திலாவது மாடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி வாசகர்