பண்ணையின் பெயரோடு அதன் நட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்: பெங்களூரு ஷெஃப்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் சின்னதாக உணவகம் நடத்தும் ஷெஃப்களுக்கு,

வணக்கம். இருபது முப்பது பேர் உட்காரும் இடம், வாரத்துக்கு வாரம் மாறும் மெனு, 'பண்ணையிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு' என்று சுவரில் ஒரு வரி. இந்த வகை உணவகங்கள் இந்திராநகரிலிருந்து எலகங்கா வரை வந்துவிட்டன. நான் அல்சூரில் இருப்பவள். சம்பளம் வந்த வாரத்தில் உங்களில் சிலரிடம் வந்து சாப்பிடுவேன். என் சித்தப்பா ஓசூரை அடுத்த கெலமங்கலம் பக்கம் விவசாயம் செய்கிறார். தட்டில் வருவதும் தெரியும், தோட்டத்தில் நடப்பதும் தெரியும் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் உங்களில் ஒருவர் பரிமாறிய அவரைக்காயை மறக்க முடியவில்லை. மாகடி பக்கத்துக் காய் என்றார். பனி இறங்கினால்தான் அந்தக் காய்க்கு வாசனை ஏறும், உரித்தால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். கொட்டையை இரவெல்லாம் ஊறப்போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி எதிரே இருப்பவர் மடியில் விழும். எங்கள் வீட்டில் பிதுக்கம்பருப்பு என்றால் நாலு பேர் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த ஷெஃப் அதைக் குழம்பாக்கவில்லை. கேழ்வரகு மாவில் சன்னமாகத் தட்டிய அடையின் மேல், பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்த மசாலாவில் ஒரே கொதி விட்டு வைத்திருந்தார். பருப்பு குழையாமல் இருந்தது, ஆனால் கடித்ததும் மாவாக உடைந்தது. ஜனவரியில் நடக்கும் அவரை மேளாவில் அவரை ஜிலேபி வரைக்கும் தின்று பார்த்தவள் நான். இப்படி ஒன்றை அங்கேயும் சாப்பிட்டதில்லை.

ஒரு காய்க்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அதை விளைவித்தவருக்கு ஏன் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை?

சித்தப்பாவிடம் நகரத்து உணவகம் ஒன்று பீட்ரூட் கேட்டது. பெயர் வேண்டாம். நெல்லிக்காய் அளவில், இலையோடு வேண்டும் என்றார்கள். அந்த அளவில் பிடுங்கினால் எடை நிற்காது, முற்றவிட்டால் வருகிற எடையில் கால்வாசிகூடத் தேறாது. மண்டி விலையைவிட நல்ல விலை பேசினார்கள், சரி என்றார். விடிவதற்குள் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, ஓசூர் வழியாக வரும் வண்டியில் ஏற்றிவிடுவார். சில வாரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் மெனு மாறியது. 'இந்த வாரம் வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது, அடுத்த வாரம் அதுவும் இல்லை. பாத்தியில் இருக்கும் பீட்ரூட்டுக்கு வாட்ஸ்அப் தெரியுமா? அது பாட்டுக்குப் பருத்தது. கலாசிபாளையம் மண்டிக்கு ஏற்றினார். அன்றைக்குப் பார்த்து ஊரார் பீட்ரூட் எல்லாம் அங்கே வந்து குவிந்திருந்தது. கமிஷன், வண்டி வாடகை, இறக்குகூலி போகக் கையில் நின்றது விதைக்காசுக்குக்கூடக் காணாது. உணவகத்துப் பழைய பாக்கி வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தப்பாவின் கையும் மண் ஒட்டிய பீட்ரூட்டும் இருக்கும் படம் அந்த உணவகத்தின் இன்ஸ்டாகிராமில் இன்றைக்கும் இருக்கிறது.

எல்லோரும் இப்படி இல்லை, தெரியும். ஆனால் பெரும்பாலும் ஏற்பாடே இப்படித்தான் இருக்கிறது. பண்ணையின் பெயரும் படமும் உங்களுக்கு. மழையும் பூச்சியும் விலைச்சரிவும் அவருக்கு. மண்டிக்காரர் விலையை அடிப்பார்தான், ஆனால் கொண்டுபோனதை எடுத்துக்கொள்வார், உறவு கொண்டாட மாட்டார்.

இந்த வகைச் சமையலுக்கு முன்னோடி என்று நீங்களே சொல்லும் ஷே பனீஸ் எப்படி நடந்தது என்று பாருங்கள். ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய உணவகம் அது. பின்னாளில் ஒரு விவசாயியோடு பல வருடங்களுக்கு ஒப்பந்தம் வைத்து, அவர் தோட்டத்தில் என்ன வந்ததோ அதை வாங்கிச் சமைத்தார்கள். காய் இறக்கிய வண்டி, சமையலறைக் கழிவை எருவுக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும். அங்கே தோட்டத்தைப் பார்த்து மெனு எழுதினார்கள். இங்கே மெனுவை எழுதிவிட்டுத் தோட்டத்தைத் தேடுகிறோம்.

அதே அமெரிக்காவில் இன்னொரு கதையும் உண்டு. 2016-ல் ஃபுளோரிடாவின் டாம்பா பகுதியில் ஒரு நாளிதழின் உணவு விமர்சகர், மெனுக்களில் போட்டிருந்த பண்ணைகளையே தேடிப் போய் விசாரித்தார். சில பண்ணைக்காரர்கள் அந்த உணவகங்களுக்கு எதையும் விற்கவில்லை என்றார்கள். நம் ஊரில் யாராவது அப்படிக் கிளம்பினால் என்ன தெரியவரும்? இயற்கை விளைபொருள் என்று பொட்டலத்தில் போட்டு விற்க 2017-லிருந்து மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி இருக்கிறது, அதற்கான ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறது. 'பண்ணையிலிருந்து நேராக' என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான்.

பக்கத்துப் பண்ணை என்று சொன்னால் மட்டும் போதாது என்பதற்கும் நம் ஊரே சாட்சி. விருஷபாவதி ஆறு நகரத்தின் மேற்குப் பகுதிச் சாக்கடையைச் சுமந்துகொண்டு பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் பயிர் செய்ய வேண்டி வந்த விவசாயிகள் நெல்லை விட்டுவிட்டுத் தீவனப்புல்லுக்கும் பேபி கார்னுக்கும் மாறினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அது நம் வீட்டுக் கழிவுநீர். ஆனால் அதுவும் பக்கத்துப் பண்ணைதானே? ஆகவே மெனுவில் ஊர் பெயரைப் போட்டால், கிணற்றுத் தண்ணீரா, போர்வெல்லா, ஏரியா என்பதையும் போடுங்கள். கேட்டால் பரிமாறுகிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, விலை. 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அதே கோலாரில் வேறு வருடங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கொட்டும் வாரத்தில்தான் உங்களைத் தேடுகிறேன். உங்கள் அடுக்களையில் காய் உலர்த்தும் கருவி இருக்கிறது, புளிக்கவைக்கும் ஜாடிகள் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வரிசையாக இருக்கின்றன. அதில் மிசோ என்கிற ஜப்பானிய சோயா விழுது போடுகிறீர்கள், கொம்புச்சா என்கிற புளித்த தேநீர் போடுகிறீர்கள். ஒரு லோடு தக்காளியைத் தொக்காகவும் வற்றலாகவும் மாற்றி வைக்க முடியாதா? விளைச்சல் மலிந்தபோது வாங்கி, இல்லாதபோது பரிமாறுவது எங்கள் பாட்டிமார் செய்ததுதான்.

வெங்காயத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூர் ரோஸ் வெங்காயம் சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளைகிறது, 2015-ல் புவிசார் குறியீடு பெற்றது. சின்னதாய், கருஞ்சிவப்பாய், காரம் தூக்கலாய் இருக்கும். ஊறுகாய்க்கு அருமை. ஆனால் பெரும்பகுதி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் கப்பலேறுகிறது, உள்ளூரில் அதைக் கேட்பவர் குறைவு. அதனால்தான் 2019-ல் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது அந்த விவசாயிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. பிறகு அதற்கென்று தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஊர் பெயரைத் தாங்கிய வெங்காயம் இது. இதை உங்கள் தட்டில் நான் இன்னும் பார்க்கவில்லை. இத்தாலியத் துளசி மட்டும் தவறாமல் வருகிறது.

இதற்கெல்லாம் செலவாகும் என்பீர்கள். ஆகட்டும். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்னமும் சிலர் சேர்க்கிறீர்கள், நீக்கச் சொன்னால் முகம் மாறுகிறது. அந்தக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். பதார்த்தத்தின் விலையிலேயே பத்து சதவீதம் கூட்டி, அது விதைப்புக்கு முன்பே விவசாயிக்குப் போகும் முன்பணம் என்று மெனுவில் எழுதுங்கள். நான் முனகாமல் கொடுப்பேன். இந்த ஊரில் கொடுக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆக, பேச வேண்டியது விதைப்புக்கு முன்னால். மார்கழியில் அவரை வேண்டும் என்றால் ஆடியிலேயே போய் இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன், இந்த விலை, பூச்சி விழுந்தால் இவ்வளவு என் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மெனு மாறினாலும் அந்தத் தாள் மாறக் கூடாது. கெலமங்கலம் பக்கம் வர நினைப்பவர்கள் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் வெயில் ஏறிவிடும், சித்தப்பா தோட்டத்தில் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி