டாஸ்மாக் மூடும் வரை பிள்ளைகளிடம் பேசாமல் இருக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 2 தேர்வு முடிந்த மாலையில் மாணவர்கள் மது அருந்துவது பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சில நாட்களாக விவாதம் நடக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் கடைகளை மூடச் சொல்கிறார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2003-இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது முதல், கடையை அகற்றக் கோரி மனுக் கொடுக்காத ஊர்ப் பெண்கள் குறைவு. ஆனால் என் மகனுக்கு இப்போதே 17 வயது, மகளுக்கு 15. அரசு முடிவெடுக்கட்டும் என்று அவர்களின் வயது நிற்காது.

பவானிக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்துக் குடியை நிறுத்த மாத்திரை உண்டா என்று கேட்டு வரும் பெண்களை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அந்த மாத்திரையைத் தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது. இப்போது அதே கேள்வியை மகனுக்காகக் கேட்டும் தாய்மார்கள் வருகிறார்கள். “அவனிடம் பேசினீர்களா அக்கா?” என்றால், “குடித்துவிட்டு இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்” என்பதுதான் பதில்.

அந்தப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பையன் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். குடித்த அன்று வாசலை மிதிப்பதில்லை. நண்பனின் தோட்டத்து மோட்டார் அறையிலோ, காவிரிக் கரையிலோ படுத்துக்கொள்கிறான். போதையோடு ஆற்றில் இறங்குகிறவனும் உண்டு. ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் பெருகி வரும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

என் மகனிடம் நான் பாட்டிலில் அச்சிட்டிருப்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். “பீர்தானே, அது என்ன செய்யும்?” என்பது அவன் வயதுப் பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. கணக்கை அவனையே போடச் சொன்னேன். 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 52 மி.லி. சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீதப் பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மி.லி., எடுத்தால் 39 மி.லி.கூட வராது. ஒரு பீர் ஒரு கட்டிங்கை விடப் பெரிது என்று அவன் கையாலேயே எழுதினான். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மி.லி. அளவைத்தான் வெளியேற்றும்; ஆக அந்த ஒரு பாட்டில் இறங்க ஐந்து மணி நேரம் வேண்டும். மோரோ, எலுமிச்சைச் சாறோ, தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. கூடவே சளி மாத்திரை போட்டிருந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பான். இந்தக் கணக்குக்கு உட்கார்ந்தான்.

பிறகு அவனுடைய தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். என் அப்பா ‘வயிற்றுக் கோளாறில்’ இறந்தார் என்றுதான் உறவில் சொல்லி வைத்திருக்கிறோம். அவர் இறந்தது குடியால் கல்லீரல் சுருங்கி. குடிக்கு அடிமையாகும் தன்மை குடும்ப வழியிலும் வரும். சர்க்கரை நோய் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், இதை மட்டும் மறைக்கிறோம். 15 வயதுக்கு முன் தொடங்குகிறவர்கள் பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், என் மகளையும் அந்தப் பேச்சில் உட்கார வைத்தேன். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மாமியார் முகம் சுளித்தார். நாளை அவள் கல்லூரி விடுதிக்குப் போவாள். குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏற மறுக்கவாவது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

“அப்பா மட்டும் குடிக்கலாமா?” என்று மகள்தான் கேட்டாள். எல்லா வீட்டிலும் பேச்சு நின்றுபோகிற இடம் இது. என் கணவர் எப்போதாவது குடிப்பவர். கோபித்துக்கொள்ளாமல், “நான் குடிப்பது சரி என்று உன்னிடம் வாதாட மாட்டேன். விருந்து என்றால் கை தானாகப் போகிறது, அது எனக்கே பிடிக்கவில்லை” என்றார். அதைவிடப் பெரிய பாடம் என்னால் சொல்லியிருக்க முடியாது.

விருந்து என்றதும் இதையும் எழுத வேண்டும். கிடா வெட்டு விருந்தில் மீசை முளைக்கிற பையனை அருகில் அழைத்து, “ஒரு வாய் குடித்துப் பார்” என்று ஊற்றிக் கொடுப்பது சொந்தத் தாய்மாமனும் சித்தப்பாவும்தான். 21 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது என்று கடைக்காரருக்கு விதி இருக்கிறது. மாமனுக்கும் இருக்கிறது: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அண்ணன் தம்பிகளிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். நான் சொன்னேன், ஒருவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. போகட்டும்.

கடைசியாகப் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். எந்த இரவானாலும், என்ன செய்திருந்தாலும், போன் செய்தால் வந்து அழைத்துப் போவோம். அன்று இரவு ஒரு சொல் கேட்க மாட்டோம். விசாரணை மறுநாள் உண்டு, கட்டாயம் உண்டு. இது செல்லம் கொடுப்பது என்று என் தோழி சண்டை போடுகிறாள். பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தால்தானே கண்டிக்க முடியும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன், மாணவர் பக்கத்தில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: குடித்து நினைவிழந்தவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, வாந்தி மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பவானி, ஈரோடு மாவட்டம்.