உங்கள் அரங்கில் ஒரு பழைய கேபிளையும் வையுங்கள்

கேபிள் டிவி, பிராட்பேண்ட் கண்காட்சிகளை நடத்துவோருக்கும், அங்கே அரங்கு அமைக்கும் கருவி நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

கம்பத்தில் ஏறி கேபிளைச் சரிசெய்யும் வேலையில் பல வருடங்களைக் கழித்தவன் நான். இன்று நீங்கள் அரங்கில் காட்டுவது சில வருடங்களில் என் தோள்பைக்குள் வந்துவிடும். அதனால் உங்கள் கண்காட்சிச் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன்.

2007 மே மாதம் லாஸ் வேகஸில் நடந்த கேபிள் கண்காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அமெரிக்க கேபிள் நிறுவனமான காம்காஸ்டின் தலைவர் பிரையன் ராபர்ட்ஸ் மேடையில் ஒரு புதிய மோடத்தைக் காட்டினார். 32 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்று முழுவதும் நான்கு நிமிடத்துக்குள் இறங்கியது. கேபிள் டிவி வயரிலேயே இணையத்தை அனுப்பும் தரநிலைக்கு டாக்சிஸ் என்று பெயர்; தனித்தனியாக ஓடிய சேனல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் டாக்சிஸ் 3.0 முறை அது. சொன்னபடியே வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. 2008 ஜனவரியில் அதே ஊரில் பெரிதாகப் பேசப்பட்ட 'ட்ரூ டூ வே'க்கு அந்த யோகம் இல்லை. தனியாக செட் டாப் பாக்ஸ் வேண்டாம், டிவிக்குள்ளேயே கேபிள் சேவை வரும் என்றார்கள். சில வருடங்களில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

இப்போது நீங்கள் காட்டுவது டாக்சிஸ் 4.0. கீழே வரும் வேகம் 10 ஜிகாபிட் வரை, மேலே போகும் வேகம் 6 ஜிகாபிட் வரை. அந்த இரண்டாவது எண்தான் எனக்குப் பெரிய செய்தி. வட அமெரிக்க கேபிள்களில் அப்லோடுக்கு நெடுங்காலமாக 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு ஒடுங்கிய சந்துதான் கிடைத்தது. அதை 684 வரை அகலப்படுத்துகிறீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தச் சந்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை உங்கள் அரங்கில் யாரும் காட்டுவதில்லை.

ஒரு தெருவில் தினமும் சாயங்காலம் அப்லோட் படுத்துவிடும். டவுன்லோட் மட்டும் சுத்தமாக இருக்கும். தெருவின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான நோடில் மீட்டரை வைத்துப் பார்த்தால், ரிட்டர்ன் பாதை, அதாவது அப்லோட் போகும் பாதை, முழுக்க இரைச்சல். ஆம்ப்ளிஃபையர் ஆம்ப்ளிஃபையராக, ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக் கழற்றித் தேடினோம். மூன்றாம் நாள் ஒரு வீட்டில், டிவிக்குப் பின்னால், கையால் மட்டும் திருகிவிட்ட ஒரு கனெக்டர் கிடைத்தது. அதன் பக்கத்திலேயே ஒரு விளக்கின் அடாப்டர். விளக்கு எரியும்போதெல்லாம் அதன் இரைச்சல் அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது. ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்கியதும் மீட்டரில் கோடு அப்படியே கீழே இறங்கியது.

ஓடைகள் எல்லாம் ஆற்றில் சேர்வது போல, அப்லோட் பாதையில் எல்லா வீட்டின் அழுக்கும் நோடில் வந்து சேர்கிறது. ஒரு வீட்டுக் குறை தெருவையே கெடுக்கும். பாதையை 204 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டினாலே 88 முதல் 108 வரையுள்ள எஃப்எம் வானொலி அதற்குள் வந்துவிடுகிறது. இனி தளர்ந்த கனெக்டர் வழியாக அடாப்டர் இரைச்சலோடு வானொலியும் உள்ளே நுழையும்.

இன்னொரு பக்கம், டாக்சிஸ் 4.0 கேபிளில் ஏறும் உச்ச அதிர்வெண், 1.8 ஜிகாஹெர்ட்ஸ். அதிர்வெண் நான்கு மடங்கானால் கேபிளில் ஏற்படும் இழப்பு டெசிபல் கணக்கில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் மேசைமேல் இருக்கும் இரண்டு முழக் கேபிளில் அது தெரியவே தெரியாது. பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கேபிளில், வழியில் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு இருந்தால், நன்றாகவே தெரியும். ஒரு துடிப்பில் எத்தனை பிட்டை அடுக்கலாம் என்பதைக் க்யூஏஎம் என்ற முறையின் எண் சொல்லும்: சுத்தமான லைனில் 4096 க்யூஏஎம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் 12 பிட். லைன் கெட்டால் கருவி 256-க்கு இறங்கிவிடும், அப்போது 8 பிட்தான். அதே இடம், அதே கருவி, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பெரிய திரையில் ஓடும் வேக எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் போடுங்கள்.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்கிறவருக்குப் பல நேரம் வேகம் குறைவில்லை. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மோடத்துக்குள் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன, இன்னொருவரின் வீடியோ அழைப்பு அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறது. இதைத் தீர்க்கத்தான், தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி டாக்சிஸ் வந்தது. என்னைக் கேட்டால் அது அரங்கின் வாசலிலேயே இருக்க வேண்டும். லைனில் எங்கே எதிரொலி எழுகிறது என்பதை மோடம் தரும் அளவுகளிலிருந்தே கணக்கிட்டுச் சொல்லும் முன்கூட்டிப் பராமரிப்பு மென்பொருளும் அப்படியே. அது அன்று என் கையில் இருந்திருந்தால் அந்தத் தெருவில் எனக்கு மூன்று நாள் பிடித்திருக்காது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த கண்காட்சியில் ஒவ்வோர் அரங்கிலும், கம்பத்திலிருந்து கழற்றிய நூறு மீட்டர் பழைய கேபிளை வையுங்கள். இரண்டு ஸ்ப்ளிட்டரைப் போடுங்கள், ஒரு கனெக்டரை அரைச் சுற்று தளர்த்துங்கள், பக்கத்தில் ஒரு மலிவான அடாப்டரைச் செருகுங்கள். அதன் வழியாக ஒரு வீடியோ அழைப்பையும் ஒரு பெரிய அப்லோடையும் சேர்த்து ஓடவிட்டு, வேகத்தோடு தாமதத்தையும் திரையில் காட்டுங்கள். வாங்க வரும் நிறுவனத்தின் மேலாளரோடு அதன் லைன் ஆட்கள் இரண்டு பேரையும் உள்ளே விடுங்கள். புதிய டேப்பையும் (தெருக் கேபிளிலிருந்து வீடுகளுக்கு இணைப்பு பிரியும் பெட்டி) ஆம்ப்ளிஃபையரையும் அவர்கள் கையில் கொடுத்து, கையுறை போட்டபடி மூடியைத் திறந்து மூட முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லைன் டெக்னீஷியன்