பொருள்: முடி உதிரும் கன்னப் பிரஷ், தேதியின் மேல் தேதி ஒட்டிய பிளஷ் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது மின்னஞ்சல். முதல் நான்குக்கும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. பணம் வரவில்லை, மாற்றுப் பொருளும் வரவில்லை, பிறகு எது தீர்ந்தது? ரசீதையும் படங்களையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த முறையாவது யாராவது ஒருவர் முழுதாகப் படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்குத் தயாராக வேண்டும் என்று ஆடிக் கடைசியில் உங்கள் பன்னிரண்டு பிரஷ் செட்டை 649 ரூபாய்க்கும், கன்னத்தில் பூசும் இரண்டாம் ஷேட் பிளஷை 299 ரூபாய்க்கும் வாங்கினேன். உசிலம்பட்டியில் வீட்டிலிருந்தபடி மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். பெரிய நிறுவனங்களின் ஒற்றைப் பிரஷ் விலைக்கு உங்களிடம் செட்டே கிடைத்தது. புதிதாக எது வாங்கினாலும் முதலில் என் முகத்தில்தான் போட்டுப் பார்ப்பேன்; இதையும் மூன்று நாள் பார்த்தேன். கண்ணுக்கான சிறிய பிரஷ்கள் நன்றாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை. கன்னத்துக்கான அந்தச் சாய்வுப் பிரஷில்தான் கோளாறு. புதுப் பிரஷில் நாலைந்து முடி விழுவது வழக்கம் என்பதால் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு முறை கழுவினேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. அதன் பிறகு தொட்டால் முடி கையோடு வருகிறது.

'தவறாகக் கழுவியிருப்பீர்கள்' என்று உங்கள் ஊழியர் சொன்னார். குழந்தைகள் ஷாம்பூவில், முடி கீழ்நோக்கி இருக்க, முடியைக் கைப்பிடியோடு பிடித்து வைக்கும் பூணுக்குள் தண்ணீர் இறங்காமல் கழுவி, துண்டில் படுக்க வைத்து நிழலில் உலர்த்தினேன். இதைவிட எப்படிக் கழுவுவது? பூணுக்குள் வைத்த பசை பிடிக்கவில்லை. பிரஷ் செய்து விற்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

அதே ஊழியர்தான், மூன்றாவது முறை அழைத்தபோது, 'இந்த விலைக்கு இதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்டார். அந்த அழைப்பை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள்; தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். 649 ரூபாய் எனக்கு அற்பத் தொகை இல்லை. எங்கள் ஊரில் இந்தத் தொழிலைத் தொடங்கும் பெண்கள் எல்லாரும் இந்த விலைப் பொருளை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவு என்று விளம்பரம் செய்து எங்களை அழைத்தது நீங்கள். வாங்கிய பிறகு அந்த விலையைச் சொல்லியே எங்களை அவமானப்படுத்த உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் அலங்காரம் செய்யப் போன ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்தன்று அந்தக் கன்னப் பிரஷால் நடந்ததைச் சொல்கிறேன். பவுண்டேஷன் ஈரமாக இருந்த கன்னத்தில் முடிகள் ஒட்டிக்கொண்டன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க, பவுண்டேஷனும் சேர்ந்து பெயர்ந்தது. ஒரு பக்கம் முழுவதையும் துடைத்து மறுபடி போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் காத்திருந்தார்கள். பெண்ணின் தாயார் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. முன்பணம் 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் ஒரே காலையில் மண்ணாகிவிட்டது. என் பிழைப்பையே கெடுத்துவிட்டீர்கள்.

மதுரைக்கு அலைந்ததை இன்னும் சொல்லவில்லை. உங்கள் சேவைப் பிரிவில் ஒரு பெண், மாட்டுத்தாவணி அருகே உள்ள உங்கள் கவுண்டரில் கொடுத்தால் உடனே மாற்றித் தருவார்கள் என்றார். ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். இணையத்தில் வாங்கியதை அங்கே வாங்க மாட்டார்களாம். கவுண்டரில் இருந்த பெண்மீது தவறில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், தலைமை அலுவலகத்துக்கு இரண்டு முறை அழைத்தும் பார்த்தார். அவர் அழைப்பைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு வளைகாப்பு வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

பிளஷ் இதைவிட மோசம். மேற்பரப்பு கல்லாக இறுகியிருக்கிறது. எண்ணெய் படிந்து இறுகியிருந்தால் டேப் ஒட்டி எடுத்தால் சரியாகும். இது அப்படியும் சரியாகவில்லை. மாநிறக் கன்னத்தில் சாம்பல் பூத்ததுபோல் நிற்கிறது. சந்தேகப்பட்டு டப்பாவைத் திருப்பினேன். காலாவதித் தேதி ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. உரித்தால், அடியில் அதைவிடப் பதினான்கு மாதம் முந்தைய தேதி! படம் இணைப்பில் இருக்கிறது. இதைப் பெண்கள் முகத்தில் பூசுகிறார்கள் ஐயா. டப்பாவில் சீனத் தயாரிப்பு என்று மட்டும் இருக்கிறது. இறக்குமதி செய்த அழகுசாதனப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அதைப் பெற்றவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. உங்கள் டப்பாவில் இரண்டும் இல்லை. இதைக் கேட்டதற்கு, பார்சலைப் பிரித்தபோது வீடியோ எடுத்தீர்களா என்று திருப்பிக் கேட்கிறீர்கள். வீடியோ எடுத்திருந்தால் தேதி மாறிவிடுமா?

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. 948 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த ஸ்டிக்கரை ஒட்டியது யார், ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட அதையே முக்கியமாகக் கேட்கிறேன்.

இணைய வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அந்த ஒரு மாதம் போன வாரமே முடிந்துவிட்டது. வரும் திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்; அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அந்த டப்பாவின் படம் போகும்.

பிரஷையும், உதிர்ந்த முடியையும், உரித்த ஸ்டிக்கரையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எழுத்துப்பூர்வ பதில் வரும்வரை அனுப்ப மாட்டேன். முகூர்த்த நாட்களில் காலையில் என்னால் பேச முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அழையுங்கள். அந்த ஊழியரைத் தவிர வேறு யாராவது அழைக்கட்டும். அவருடைய மன்னிப்பு எழுத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உசிலம்பட்டி